விளையாட்டுக் கணக்குதானே, அதற்கு ஏன் இத்தனை கொதிப்பு?

கேள்வி: மார்ச் 3, காலை 11.20

2011 இல் சோனியின் இணைய விளையாட்டுச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் தகவல் திருடு போனபோது வாடிக்கையாளர்கள் எழுதியதை எல்லாம் இப்போது உட்கார்ந்து படித்தேன். வீட்டையே வாரிக்கொண்டு போய்விட்டதுபோல் அத்தனை கூச்சல். கிரெடிட் கார்டு விவரம் எடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று சோனி நிறுவனமே சொல்லிவிட்டது. திருடியவனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவரைப் போட்டு உலுக்கியிருக்கிறார்கள். பிறகு இலவசமாகக் கொடுத்த விளையாட்டுகளையும் வாங்கிக்கொண்டார்கள். போனது வங்கிக் கணக்கா? விளையாட்டுக் கணக்குதானே? என்னைக் கேட்டால் இது மிகையான கோபம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 9.45

இருக்கிறது.

முதலில், நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியத்தின் பின்பாதி விடுபட்டிருக்கிறது. கார்டு விவரம் எடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்ன அதே அறிவிப்பு, எடுக்கப்பட்டிருக்கலாம் என்பதை மறுக்கவும் முடியாது என்றது. முன்பாதியோடு நிறுத்திக்கொண்டவர் படுத்துத் தூங்கியிருப்பார். பின்பாதியையும் படித்தவர் வங்கிக்குப் போன் செய்திருப்பார்.

இனி நாட்களைப் பாருங்கள். ஏப்ரல் 17 முதல் 19 வரை ஊடுருவல். 20 ஆம் தேதி சேவையை நிறுத்தினார்கள். வந்த செய்தி, சில வசதிகள் இயங்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற அளவில்தான். வெளியார் ஊடுருவல் என்ற சொல் 22 ஆம் தேதி வந்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி, மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் போயிருக்கின்றன என்று சொன்னது 26 ஆம் தேதி. எது எது போனது என்று உறுதிசெய்ய வல்லுநர்களுக்குப் பல நாள் பிடித்தது என்று விளக்கம் கொடுத்தார்கள். பிடித்திருக்கும். ஆனால் அந்த ஆறு நாளும் அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தவர் ஒன்றும் அறியாமல் இருந்தார். திருடியவனுக்குத் தெரியும், நிறுவனத்துக்குச் சந்தேகமாவது இருந்தது, பொருளுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது. கொதிப்பு அங்கேதான் தொடங்கியது. திருட்டுக்கு வந்த கோபத்தைவிட மௌனத்துக்கு வந்த கோபமே பெரிது என்பது என் கட்சி.

7.7 கோடிப் பேர் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மார்ச் 3, இரவு 10.10

திருத்தம். 7.7 கோடிப் பேர் அல்ல, 7.7 கோடிக் கணக்குகள். ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பது அங்கே சாதாரணம்.

மார்ச் 4, இரவு 11.30

"விளையாட்டுக் கணக்குதானே" என்ற சொல் பகல் முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது சோனியைப் பற்றி அல்ல. அளவில் அதைவிடச் சிறிய வேறொரு விளையாட்டுச் சேவை. பெயர் வேண்டாம்.

ஒருநாள் காலை அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தலைப்பில் "உங்கள் கணக்கு குறித்த முக்கியத் தகவல்" என்று இருந்தது. முதல் பத்தியில் உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முதன்மை என்றிருந்தது. இரண்டாவது பத்தியில் அவர்கள் எத்தனை ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்ற வரலாறு. நான்காவது பத்தியின் நடுவில் ஒரு வரி: பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல், பிறந்த தேதி, பாதுகாப்புக் கேள்விக்கான விடை ஆகியவை அனுமதியற்றவர்களின் கைக்குப் போயிருக்கக்கூடும். ஊடுருவல் நடந்த தேதி அதற்கும் கீழே. விரல் விட்டு எண்ணினேன். ஐந்து வாரம்.

பென்சிலும் ஒரு பழைய நோட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறேன் என்று நினைவிலிருந்து எழுதினேன். ஆறு இடம் என்று நினைத்திருந்தேன். பட்டியல் பதினொன்றில் போய் நின்றது. அதில் ஒன்று என் முதன்மை மின்னஞ்சல். மற்ற பத்து இடங்களிலும் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், புதுக் கடவுச்சொல்லுக்கான இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஒரு வீட்டுச் சாவியோடு மற்ற பத்து வீட்டுச் சாவிகளையும் சேர்த்துக் கோத்திருந்தேன். எல்லாவற்றையும் மாற்றி முடிக்க இரண்டு இரவு ஆனது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்த அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கடவுச்சொல்லை மாற்றலாம். பாதுகாப்புக் கேள்வியை என்ன செய்வது? "நீங்கள் வளர்த்த முதல் பிராணியின் பெயர் என்ன?" நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வீட்டில் இருந்த நாயின் பெயரைக் கொடுத்திருந்தேன். உண்மையான விடை. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன நாயின் பெயர் யாரோ விற்கிற ஒரு கோப்பில் என் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்டு எண் போனால் வங்கி புதுக் கார்டு தரும். பிறந்த தேதிக்கு மறுபதிப்பு எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

இப்போது சொல்லுங்கள், விளையாட்டுக் கணக்குதானா?

மார்ச் 5, காலை 7.15

மேலே ஒருவர், சோனி கடவுச்சொற்களை அப்படியே எழுத்தாக வைத்திருந்தது என்று எழுதியிருக்கிறார். அப்போது பலரும் அப்படித்தான் நம்பினார்கள், நானும் நம்பினேன். காரணம், கார்டு விவரங்கள் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டிருந்தன, மற்றத் தனித் தகவல்கள் அப்படி இல்லை என்று முதலில் சொன்னதுதான். மே 2 ஆம் தேதிதான் கடவுச்சொற்கள் ஹாஷ் செய்யப்பட்ட வடிவில் இருந்தன என்று விளக்கினார்கள்.

ஹாஷ் என்பது ஒருவழிக் கணக்கீடு. கடவுச்சொல்லை உள்ளே போட்டால் ஒரு நீண்ட எழுத்துக்கோவை வெளியே வரும். அந்தக் கோவையிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே திருடியவன் எதிர்த்திசையில் வருவான். மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களை ஆயிரமாயிரமாக அதே கணக்கீட்டில் போட்டு, வருகிற விடை திருடிய பட்டியலில் இருக்கிறதா என்று ஒப்பிடுவான். எளிய கடவுச்சொல் சில நொடிகளில் விழும். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக ஒரு சிறு துணுக்கைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆங்கிலத்தில் அதை உப்பு என்பார்கள், அவன் ஒவ்வொரு கணக்காக உட்கார்ந்து உடைக்க வேண்டியிருக்கும். விழுந்த கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலோடு வேறு நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பது அடுத்த வேலை. இதற்கு மனிதர்கூட வேண்டாம், ஒரு நிரல் இரவு முழுவதும் செய்யும்.

ஆகவே "ஹாஷ் செய்திருந்தோம்" என்பது பாதி ஆறுதல். என் பதினொரு இடங்களுக்கு அது ஆறுதலே இல்லை.

மார்ச் 5, மாலை 6.50

"சேவை எப்போது திரும்ப வரும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிறந்த தேதி போனதற்கு ஒரு வார்த்தை இல்லை, சனிக்கிழமைக்குள் விளையாட முடியுமா என்பதே அவர்கள் கவலை என்கிறீர்கள். 2011 இல் அவர்களைப் படித்தபோது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. விவரம் தெரியாத பிள்ளைகள் என்று ஒதுக்கிவிட்டேன்.

இதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். இப்போது நேரமில்லை.

மார்ச் 5, இரவு 11.55

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

என் தம்பி வெகு தொலைவில் இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் இடையே மூன்றரை மணி நேர வித்தியாசம். போனில் பேசினால் எங்களுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடாது. "நல்லா இருக்கியா?" "இருக்கேன் அண்ணா." "சாப்பிட்டியா?" "ஆச்சு." அவ்வளவுதான். ஆனால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருவருமாக ஒரு கோட்டையைக் காவல் காக்கத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரம் போவது தெரியாது. எதிரி வருவதற்குக் காத்திருக்கும் இடைவெளியில் அவன் வேலையைப் பற்றிச் சொல்வான். வேலை போகப் போகிறது என்று அவன் முதலில் சொன்னதும் அங்கேதான், அதுவும் ஒரு கதவை அடைத்துக்கொண்டிருக்கும்போது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் தோளோடு தோளாக நின்று சொல்ல முடிகிறது.

தகவல் திருட்டுக்குப் பிறகு எங்கள் சேவையைப் பன்னிரண்டு நாள் மூடி வைத்தார்கள். முதல் இரண்டு நாள் கடவுச்சொல் வேலையிலேயே போனது. மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குக் கை தானாக ஹெட்செட்டைத் தேடியது. தம்பிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்தோம், சாப்பாட்டைக் கேட்டோம், வைத்துவிட்டோம். அன்று இரவு நானும் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? சேவை எப்போது திரும்ப வரும்?

ஆகவே நான் 2011 இல் ஒதுக்கிய அந்தக் கூட்டத்தைப் பற்றிய என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். அவர்களில் பலருக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான். ஏப்ரல் 20 இல் அணைந்த அந்தச் சேவை மே 14 இல்தான் படிப்படியாகத் திரும்பத் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு மேல். சந்திக்கும் இடத்தைப் பூட்டிவிட்டு எப்போது திறக்கும் என்று சொல்லாமல் இருந்தால் மனிதர்கள் வாசலில் நின்று கேட்கத்தான் செய்வார்கள்.

மார்ச் 6, இரவு 8.20

இலவச விளையாட்டுகளுக்கு வருவோம். திரும்ப வரவேற்கிறோம் என்று ஒரு திட்டம். ஐந்து விளையாட்டுகளின் பட்டியலில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம், கையடக்கக் கருவி வைத்திருந்தால் நான்கில் இரண்டு, கட்டணச் சேவை 30 நாள் இலவசம். கொடுத்த பட்டியலோ ஏற்கெனவே கடையில் விற்று ஓய்ந்த விளையாட்டுகள். பல ஆண்டு வாடிக்கையாளர்களிடம் அவை முன்பே இருந்தன. நீண்ட நாள் கூட இருந்தவருக்கு மிகக் குறைவாகக் கிடைக்கும்படி அமைந்த ஈடு அது. வாங்கிக்கொண்டும் திட்டினார்கள் என்கிறீர்கள். வாங்கிக்கொண்டதாலேயே வாயை மூட வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு அடையாளத் திருட்டுக் காப்பீடு (ஒருவர் பெயரில் இன்னொருவர் மோசடி செய்தால் வரும் நட்டத்துக்கு) கொடுத்தார்கள், தலைக்கு 10 லட்சம் டாலர் வரை. அது உருப்படியான காரியம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் பயன்பாட்டு விதிகளைத் திருத்தி, வாடிக்கையாளர்கள் கூட்டாகச் சேர்ந்து வழக்குப் போடக் கூடாது என்றும் எழுதினார்கள். என்னை அதிகம் கசக்க வைத்தது இதுதான். ஒரு கையில் காப்பீடு, மறு கையில் வாய்ப்பூட்டு.

வழக்கு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 2014 இல் 1.5 கோடி டாலர் மதிப்பில் சமரசம். அதிலும் வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் விளையாட்டுகளும் சந்தாவும்தான். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 ஜனவரியில் 2.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தடுத்திருக்கக்கூடிய ஊடுருவல் என்பது அவர்கள் முடிவு. அபராதத்தில் ஒரு காசும் கணக்கு வைத்திருந்தவருக்குப் போகாது, ஆனால் தவறு யாருடையது என்று அதிகாரமுள்ள ஒரு வாய் சொன்னதே பலருக்குப் போதுமானதாக இருந்தது. நானாக இருந்தால் எனக்கும் போதும்.

மார்ச் 6, இரவு 8.35

காப்பீட்டைப் பற்றி ஒரு சேர்க்கை. அது தானாக வரவில்லை, கேட்டுப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும்.

மார்ச் 8, இரவு 10.05

இரண்டு நாளாக என் கட்சியை நானே குடைந்துகொண்டிருந்தேன். மௌனமே காரணம் என்று அடித்துச் சொன்னேன் அல்லவா? நாளை எண்ணிப் பார்த்தால் அது அப்படியே நிற்கவில்லை.

பிளிசார்டு என்ற விளையாட்டு நிறுவனம் 2012 ஆகஸ்ட் 4 இல் ஊடுருவலைக் கண்டுபிடித்தது, வாடிக்கையாளருக்குச் சொன்னது 9 ஆம் தேதி. ஐந்து நாள். சோனிக்கு ஆறு நாள். பெரிய வித்தியாசம் இல்லை. மின்னஞ்சல் முகவரிகளோடு, வட அமெரிக்க சர்வர்களில் விளையாடியவர்களின் பாதுகாப்புக் கேள்வி விடைகளும் போயின. ஆயினும் அந்த அளவு நெருப்பு எழவில்லை. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் சேவையில் 2011 நவம்பர் 6 மாலை விவாதப் பக்கங்களை யாரோ சிதைத்தார்கள். நான்கு நாளில் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் தம் பெயரிலேயே எழுதினார். தரவுத்தளத்தில் என்னென்ன இருந்தன, கடவுச்சொல் எந்த வடிவில் இருந்தது, கார்டு எண்கள் மறையாக்கத்தில் இருந்தன என்று வரிசையாகச் சொன்னார். முணுமுணுப்பு இருந்தது, கொந்தளிப்பு இல்லை.

ஏன்? அவை இரண்டிலும் விளக்கு அணையவில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நாள் தெரியாமல் இருந்தவர் ஐந்தாம் நாள் ஒரே அடியாக உண்மையைக் கேட்டார். சோனியின் வாடிக்கையாளரோ ஆறு நாளும் கதவைத் தட்டினார், ஏன் என்று கேட்டார், ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு மழுப்பலை வாங்கிக்கொண்டு திரும்பினார். சொல்லாமல் இருப்பதை மன்னிக்கலாம். கேட்டும் சொல்லாமல் இருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

என் சொந்த அனுபவமும் இதற்குப் பொருந்துகிறது. அந்த ஐந்து வார மௌனம் எனக்கு அப்போது தெரியவே தெரியாது. தெரிந்தபின் ஒரு நாள் கொதித்தேன். ஆனால் பன்னிரண்டு நாள் மூடலின்போது, "விரைவில்" என்று மட்டும் எழுதியிருந்த அந்தப் பக்கத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து பார்த்தேனே, அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஸ்டீமையும் அளவுக்கு மீறிப் புகழ மாட்டேன். 2004 முதல் 2008 வரையிலான பரிவர்த்தனைகளின் காப்புக் கோப்பு ஒன்றும் அநேகமாகத் திருடப்பட்டிருக்கும் என்று 2012 பிப்ரவரியில் இரண்டாவது கடிதம் வந்தது. சோனியிலும் மே 2 அன்று இன்னொரு பிரிவின் 2.46 கோடிக் கணக்குகள் சேர்ந்தன. கூடவே 2007 ஆம் ஆண்டின் பழைய தரவுத்தளத்திலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே உள்ள சுமார் 12,700 கார்டு எண்கள். நான்கு ஆண்டுக்கு முந்தைய கார்டு எண்ணை எதற்கு வைத்திருந்தார்கள்? வேண்டாததை அழித்திருந்தால் திருடுவதற்கு அங்கே எதுவும் இருந்திருக்காது.

மார்ச் 9, காலை 6.40

சோனியின் விளையாட்டுப் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த ஹிராய் குனிந்து வணங்கியது வெறும் சடங்கு என்கிறார் ஒருவர். மே 1 ஆம் தேதி டோக்கியோவில், உடன் இருந்த இரண்டு அதிகாரிகளோடு கஸுவோ ஹிராய் தலை தாழ்த்தி நின்ற படத்தைச் சொல்கிறார். சடங்குதான். ஆனாலும் ஒரு மனிதர் எழுந்து நின்றார், நான்கு பத்திகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. எனக்கு வந்த கடிதத்தின் அடியில் ஒரு பெயர்கூட இல்லை, "வாடிக்கையாளர் குழு" என்றுதான் இருந்தது. பதினொரு நாள் முன்னதாக அவர் எழுந்து நின்றிருக்கலாம், அது வேறு.

மார்ச் 9, இரவு 9.30

பிள்ளைகளின் கணக்கைப் பற்றிக் கேட்ட தாய்க்கு: ஆம், அதுவும் உண்டு. 2011 அறிவிப்பிலேயே, பெற்றோர் தங்கள் பொறுப்பில் துணைக் கணக்கு திறந்து கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளையின் விவரங்களும் போயிருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. பெரியவர்கள் தம் வங்கிக் கணக்கையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் பெயரில் யாராவது எதையாவது திறந்தால் அது தெரியவர இன்னும் பத்து ஆண்டு ஆகும். பிள்ளையின் கணக்கில் உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்தால்தான் வயதுக் கட்டுப்பாடு வேலை செய்யும், கொடுத்தால் அது போய்ச் சேரும் இடம் நம் கையில் இல்லை. இதற்கு நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. நான் ஆண்டை மட்டும் சரியாகக் கொடுத்தேன்.

மற்றபடி நான் செய்தவை: ஒவ்வொரு இடத்துக்கும் வேறு கடவுச்சொல், நினைவில் வைக்க ஒரு கடவுச்சொல் மேலாளர், இரண்டு கட்டச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்கு மேல் போனுக்கு வரும் எண்ணையும் கேட்பது) எங்கே இருந்தாலும் அது. பிளேஸ்டேஷனில் அந்த வசதி 2016 ஆகஸ்டில்தான் வந்தது என்பதையும் இங்கே போட்டு வைக்கிறேன், திருட்டு நடந்து ஐந்து ஆண்டுக்குப் பின். பாதுகாப்புக் கேள்விகளுக்கு இப்போது நான் உண்மையைச் சொல்வதில்லை. என் முதல் பிராணியின் பெயர் இருபது எழுத்து எண் கலவை.

மார்ச் 9, இரவு 9.50

ஒன்று விட்டுப்போனது. திருட்டுச் செய்தி வெளியான மறுவாரம் போலிக் கடிதங்கள் வரத் தொடங்கும். எனக்கு வந்ததில் என் பெயர் சரி, விளையாட்டில் நான் வைத்திருந்த புனைபெயர் சரி, நிறுவனச் சின்னம் சரி. அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் இரண்டு முறை வந்திருந்தது. "ஈடு பெற இங்கே அழுத்தவும்." அழுத்தப் போனேன். தம்பிக்கு வரவில்லையே என்று நினைத்துத்தான் கையை எடுத்தேன்.

மார்ச் 12, இரவு 10.40

இத்தனையும் எழுதிவிட்டு இன்னும் அங்கேயே கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்மையான கேள்வி. மூடிவிட்டேன். இரண்டு மாதம் வெளியே இருந்தேன். தம்பி வேறு சேவைக்கு மாறவில்லை, அவனுடைய நண்பர்கள் அங்கே, அவன் கட்டிய கோட்டையும் அங்கே. மறுபடியும் திறந்தேன். எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை திரும்பியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 இல் திட்டிக்கொண்டே திரும்பிப் போன கூட்டத்தையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் பழையபடி போகவில்லை. கார்டை நீக்கச் சொன்னேன், முன்பணம் கட்டி வாங்கும் குறியீட்டை மட்டும் பயன்படுத்துகிறேன். முகவரியை நீக்கச் சொன்னேன். பிறந்த தேதியையும் நீக்கச் சொல்லி எழுதினேன். நேற்று பதில் வந்தது. கார்டு நீக்கப்பட்டது. முகவரி நீக்கப்பட்டது. பிறந்த தேதி, கணக்குத் திறந்தபின் மாற்ற இயலாத விவரம்.

எனக்கு வயது வந்துவிட்டது என்பது மட்டும் உங்களுக்குப் போதாதா, நாளும் மாதமும் எதற்கு என்று கேட்டு இன்று காலை மறுபடியும் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.